காலையிலேயே போட்டுக்கொண்ட மந்து

செய்யாத குற்றத்துக்காக அடி வாங்கிய ஒருவர், யாருக்கும் தெரியாத வேறொரு குற்றத்தை அந்த நேரத்தில் உண்மையிலேயே செய்துகொண்டிருந்தார் என்றால், அந்த அடி நியாயமா, அநியாயமா? நகரி மணிவேலின் வாழ்க்கை கேட்ட கேள்வி இது. சட்டம் படித்தவர்களிடமும் இதற்கு நேரான பதில் இருப்பதாகத் தெரியவில்லை.

மணிவேலுக்கு நாற்பத்து மூன்று வயது. விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்து, தறிச் சத்தம் பொறுக்காமல் இருபது வயதில் ஸ்டியரிங் பிடித்தவர். ஆந்திர எல்லையில் நகரியிலும் புத்தூரிலும் ஏறும் பெண்களை ரேணிகுண்டா பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு மினி பஸ்ஸில் கொண்டுபோய்விடுவது அவர் வேலை. பஸ் தனசேகர் என்பவருடையது. மணிவேல் குடிக்கமாட்டார். அதை ஒழுக்கம் என்று சொல்ல முடியாது. குடித்தால் அவருக்கு வாந்தி வரும், அவ்வளவுதான். மற்றபடி கை நீளும் மனிதர். சைடு கொடுக்காத ஆட்டோக்காரர் ஒருவரின் மூக்கை நடுரோட்டில் உடைத்திருக்கிறார். புத்தூரில் ஒரு லாரி ஆட்டின்மேல் ஏறியபோது, அந்த டிரைவரை இழுத்துப்போட்டு மிதித்த கூட்டத்தில் அவருடையதும் ஒரு கால்.

நோய் முதலில் வந்தது பஸ்ஸை நிறுத்திவிட்டு டீ குடிக்கும்போது. சுவிட்சைத் தட்டியதுபோல் நெஞ்சுத் துடிப்பு ஒரே தாவலில் ஏறியது. கழுத்து நரம்பு தோலை உள்ளிருந்து குத்தியது. கண்ணின் ஓரங்கள் கறுத்தன. பத்து நிமிடம் கழித்து, வந்ததுபோலவே சட்டென்று நின்றது. மார்ல எவனோ நூலே போடாம தறி ஓட்றான் என்று மனைவி வசந்தாவிடம் சொன்னார்.

திருப்பதியில் ஒரு டாக்டர் இதயத்துக்குள் மின்சாரம் ஓடும் பாதை ஒன்று கூடுதலாக இருப்பதாகச் சொன்னார். தொடை வழியாக ஒயரை விட்டு அதைச் சுட்டுவிடலாம். அதற்கு முறை வரும்வரை தினம் காலையும் இரவும் மாத்திரை. எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டின் கடைசி வரியை அடிக்கோடிட்டார். மணிவேலுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்பதால் வாயாலும் சொன்னார்.

“பண்டி தோலொத்து.”

வண்டி ஓட்டாதே. தெலுங்கில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. வெளியே வந்ததும் மணிவேல் அந்தச் சீட்டை நான்காக மடித்து, லைசென்ஸ் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையில், லைசென்ஸுக்குப் பின்னால் செருகினார். மறுநாள் பஸ் எடுத்தார். சீட்டைப் பார்த்தால் தனசேகர் வேறு ஆள் போட்டுவிடுவார் என்று வசந்தா பயந்தாள்.

“இத இன்னாத்துக்கு வச்சிக்கினு கீற? கிழிச்சிப் போடு,” என்றாள். கிழித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஐந்து மாதம் ஓட்டினார். அதில் பதினோரு முறை வந்தது. வரும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி அடிவயிற்றிலிருந்து முக்கினால் பெரும்பாலும் நிற்கும் என்று டாக்டர் காட்டியிருந்தார். அதற்காகப் பஸ்ஸை ஓரங்கட்டி, டயர் பார்ப்பதுபோல் பின்பக்கம் போய்க் குனிந்து நிற்பார். முன் சீட்டில் உட்காரும் ஹரிதா அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தாள். “அண்ணனுக்கு சுகரு. வண்டிய நிறுத்தி நிறுத்தி ஒண்ணுக்குப் போய்க்கினே கீறாரு,” என்பாள். பஸ்ஸே சிரிக்கும். அவரும் சிரித்துவைப்பார். இருபத்திரண்டு பெண்கள் தன் நெஞ்சின் தயவில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. தெரிந்துகொண்டே ஓட்டினார். இதற்குச் சமாதானம் சொல்ல வேண்டியது வேறு யாருடைய வேலையும் அல்ல.

அந்த வீட்டில் மாத்திரைக்குத் தெலுங்குப் பெயர்தான். தினமும் காலையில் சாப்பாட்டுப் பையைக் கொடுக்கும்போது வசந்தா, “மந்து போட்டுக்கினியா?” என்று கேட்பாள். போட்டுக்கினேன் என்பார். அன்றும் கேட்டாள். அன்றும் அவர் போட்டுக்கொண்டிருந்தார்.

காலை ஏழே கால் மணி. வடமாலபேட்டையைத் தொடும்போது வந்தது. மூக்கைப் பிடித்து முக்கினார், நிற்கவில்லை. ஓரங்கட்ட ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தார். அதற்குள் கண் முழுக்க இருட்டிவிட்டது. கால் பிரேக்கைத் தேடியது. ஓரத்தில் நாராயணசாமி என்ற பெரியவர் மொபெட்டில் பால் கேனைக் கட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸின் மூக்கு அவரையும் மொபெட்டையும் சேர்த்துக் கரண்ட் கம்பத்தில் வைத்து நசுக்கியது. எலும்பு உடைந்த சத்தம் தனியாகக் கேட்டது என்று ஹரிதா பிறகு சொன்னாள். பால் ரோட்டில் ஓடியது. சற்றுப் பொறுத்து அதற்குள் சிவப்பு கலந்தது. பெரியவரின் வலது கால் முழங்காலுக்குக் கீழே தோலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

எதிரே பஞ்சர் கடையிலிருந்து முதலில் ஓடிவந்தது அவருடைய மகன் திலீப். டிரைவர் சீட்டில் மணிவேல் தலை தொங்கி, கண் செருகி, எச்சில் வழிய உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்து அவரைத் தரையில் இழுத்துப்போட்டான். முகத்துக்கு முன்னால் குனிந்து கத்தினான்.

“மந்து வேசுகுன்னாவா ரா?”

தெலுங்கில் மந்து என்றால் மருந்து. சாராயத்துக்கும் அதே சொல். திலீப் கேட்டது குடித்திருக்கிறாயா என்று. அரை மயக்கத்தில் மணிவேலின் காதில் விழுந்தது தினமும் வசந்தா கேட்கும் கேள்வி. தினமும் சொல்லும் பதிலையே சொன்னார்.

“வேசுகுன்னா. பொத்துனே வேசுகுன்னா.”

போட்டுக்கொண்டேன், காலையிலேயே போட்டுக்கொண்டேன்.

திலீப்பின் முதல் குத்து நெஞ்சின் நடுவில் இறங்கியது. அதற்குப் பிறகு வந்தவை யாருடையவை என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஹெல்மெட்டால் அடித்தார்கள். பஞ்சர் கடை இரும்பால் அடித்தார்கள். இரண்டு பற்கள், ஒரு விலா எலும்பு, இடது காதின் சவ்வு. “அவுரு குடிக்க மாட்டாரு,” என்று கத்திக்கொண்டு நடுவில் புகுந்த ஹரிதாவின் கையை ஒருவன் முறுக்கினான். கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். ஆனால் அவரே ஒத்துக்கொண்ட பிறகு யார் கேட்பார்கள்?

ஒன்று மட்டும் மணிவேல் பிறகு ஹரிதாவிடம் சொன்னார். மார்பில் விழுந்த அந்த முதல் குத்தோடு வேகத் துடிப்பு நின்று நெஞ்சு சரியாகிவிட்டது. மீதி அடிகளை முழு நினைவோடு வாங்கினார். டாக்டரிடம் இதைக் கேட்டபோது அவர், அப்படியும் நடப்பதுண்டு, யாரும் செய்துபார்க்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

பெரியவரின் காலை எடுத்துவிட்டார்கள். மணிவேலின் ரத்தத்தில் சாராயம் ஒரு சொட்டும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அடுத்த மாதம் ஒயர் விட்டு அந்தப் பாதையைச் சுட்டார்கள். அதற்குப் பிறகு ஒருமுறையும் வரவில்லை. இனி பஸ் ஓட்டலாம் என்று எழுதியே கொடுத்தார்கள்.

வழக்கு மிச்சமிருந்தது. ஸ்டேஷனில் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். எஸ்.ஐ. ரமணா அனுபவமுள்ளவர். அவர் வழி சுலபமானது. நோய் அன்றுதான் முதல்முதலாக வந்தது, முன்னால் வந்ததே இல்லை என்று மணிவேல் ஒரு வரி சொன்னால் போதும்; விபத்து யார் தவறும் இல்லை என்று ஆகும். அடித்தது யாரென்று அடையாளம் தெரியவில்லை என்று இன்னொரு வரி; திலீப்பும் தப்புவான். மணிவேலிடம் திரும்பக் கொடுக்கத் தனசேகர் பஸ் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வந்திருந்தார். குடிக்காத மனிதரை அடித்துவிட்ட வெட்கத்தில் திலீப் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ ஒன்றும் பேசாதே, அவர்களே எழுதிக்கொள்ளட்டும் என்று வசந்தா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

நம்பர் எழுத வேண்டும், லைசென்ஸைக் கொடு என்றார் ரமணா.

மணிவேல் பிளாஸ்டிக் உறையை எடுத்தார். லைசென்ஸை உருவி மேஜைமேல் வைத்தார். பிறகு அதற்குப் பின்னாலிருந்த சீட்டையும் எடுத்து, நான்கு மடிப்பையும் பிரித்து, அடிக்கோடிட்ட வரி ரமணாவின் பக்கம் இருக்கும்படி திருப்பிவைத்தார். தேதி ஐந்து மாதத்துக்கு முந்தையது. வசந்தா கையை நீட்டினாள், எட்டவில்லை.

மணிவேல் பழியைத் தன்மேலேயே போட்டுக்கொள்கிறார், நம்மை விட்டுவிடுவார் என்று நினைத்துத் திலீப் நிமிர்ந்தான். மணிவேல் அவனைக் கை காட்டினார்.

“இவுருதான் சார் மொதல்ல அடிச்சாரு. மார்ல. அதையும் எழுதிக்கோங்க.”

ரமணா பேனாவை மூடிவைத்து, யோசித்துத்தான் சொல்கிறாயா என்று கேட்டார். மணிவேல் ஆமென்று தலையாட்டினார். இரண்டு வழக்கும் எழுதப்பட்டன. லைசென்ஸ் மேஜைமேலேயே கிடந்தது. தனசேகர் சாவியோடு எழுந்து போனார். ஏன் இப்படிச் செய்தாய் என்று அன்று இரண்டு குடும்பங்களும் மணிவேலைக் கேட்டன. வசந்தா இன்னும் கேட்கிறாள்.