பழனிக்குப் போகாத அமெரிக்காக்காரி

ஒத்தக்கடையில் உள்ள என் பியூட்டி பார்லர் சுவரில் அமெரிக்க நடிகை ஒருத்தியின் படம் தொங்குகிறது. காதோடு வெட்டிய முடி, யாரையோ கேலி செய்துவிட்டுத் திரும்பியது போன்ற பார்வை. பேசாத படக் காலத்தவள். சிறு வயதில் மேடையில் ஆடிப் பாடிவிட்டு சினிமாவுக்குப் போனவளாம். அவள் முடியை வெட்டியதும் அந்த ஊர்ப் பெண்களெல்லாம் சலூன் வாசலில் வரிசையில் நின்றார்களாம். பக்கத்து வீட்டு டீச்சர் பழைய பத்திரிகை ஒன்றிலிருந்து படித்துச் சொன்னது இது. அவள் பெயரை மதினி நாளுக்கொரு விதமாகச் சொன்னதில் எதுவும் எனக்கு நினைவில் நிற்கவில்லை.

மதினி என் அண்ணன் மனைவி. கோச்சடையில் பார்லர் திறந்தபோது இந்தப் படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டினார். “அமெரிக்காவே வரிசையில நின்னுச்சு, கோச்சடை நிக்காதா?” என்றார். நிற்கவில்லை. போகிறவர்கள் படத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். “பாவம், மொட்டை போட்டு இப்பத்தான் வளருது போல. என்ன வேண்டுதலோ!” ஒரு அம்மா படத்தின் கண்ணாடிமேல் திருநீறே பூசிவிட்டுப் போனார். அண்ணன், “ஆடி வரைக்கும் பாப்பேன். அப்புறம் கடையக் காலி பண்ணிரு” என்று சொல்லிவிட்டார். மதினி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நானும் அப்போது மொட்டை போட்டு முடி வளர்ந்துகொண்டிருந்தவள்தான். அண்ணனுக்குக் காமாலை குணமானதற்காகப் பழனியில் முடி கொடுத்துவிட்டு, காதைச் சுற்றித் தாறுமாறாக வளர்ந்ததை முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். மறுநாள் காலை மதினி என்னைப் பிடித்து இழுத்துப் போனார். “அடியே, ஊரே அவள மொட்டைங்குது. அப்ப மொட்டைக்குத்தான கடை வைக்கணும்?” நடிகையைப் பார்த்துப் பார்த்து வெட்டி, அவள் படத்துக்குக் கீழேயே என்னை உட்கார வைத்தார்.

“எனக்குப் பேச வராதே மதினி.”

“அவ மட்டும் பேசுனாளாக்கும்? சும்மா உக்காரு.”

நாலு பேர் பார்த்தாலே வேர்த்துப்போகிறவள் நான். கழுத்தெல்லாம் நனைய, மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தது திருநீறு பூசிய அம்மாதான். கூடவே தலையில் துண்டு கட்டிய மகள். என்னை நன்றாகப் பார்த்தார்.

“இவளுக்கும் பழனி முடிதான் தாயி. நாளைக்குப் பொண்ணு பாக்க வாராங்க. அந்த வெள்ளக்காரிக்கு வெட்டுன மாதிரியே வெட்டி விடு.”

வெள்ளைக்காரிக்கு வெட்டியதே தான்தான் என்பதுபோல மதினி தலையாட்டினார்.

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதன்பிறகு முடி கொடுத்தவர்கள் துண்டும் முக்காடுமாக வந்து வாசலில் நின்றார்கள். ஆடி பிறந்ததும் அண்ணன் வந்தார். கடையைக் காலி செய்ய அல்ல, காத்திருப்பவர்கள் உட்கார ஒரு பெஞ்சு எடுத்துக்கொண்டு.

மதினி இப்போது இல்லை. படமும் பெஞ்சும் என்னிடம் வந்துவிட்டன. போன வாரம் ஒரு கல்லூரிப் பெண், “ஆன்ட்டி, இவங்க யாரு?” என்று கேட்டாள். இன்றைக்கும் எனக்குப் பேச்சு வர நேரமாகும். அதற்குள் பெஞ்சிலிருந்த பெரியம்மா ஒருவர் பதில் சொல்லிவிட்டார்:

“பழனிக்கு நேந்துக்கிட்டவ, பாப்பா. நெனச்சது நடந்துருச்சு, மொகத்தப் பாத்தாலே தெரியல?”

நிமிர்ந்து பார்த்தேன். தெரிந்தது.