வரதராஜுலுவின் வலக்கை

தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட் வரதராஜுலு காலமானார் என்ற செய்தி, பொதட்டூர்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு நான் மைக் செட் கட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. சொன்னவர் கூடவே, "பாவம், ஏரியல் கம்பத்துலேர்ந்து வுழுந்து கைய ஒடிச்சிகினவரு" என்றார். திருத்தணியே அப்படித்தான் நம்புகிறது. பச்சைப் பொய். அந்தக் கையை உடைத்தவன் நான். அதை மறைத்துவிட்டு எழுதினால் இது என்ன அஞ்சலி?

பழைய ராணுவச் சாமான்களில் ரேடியோ வால்வு பொறுக்கி, வீட்டிலேயே டிரான்ஸ்மிட்டர் கட்டி, லைசென்சோடு இலங்கை வரைக்கும் பேசியவர் அவர். ஈயப் பற்று மங்கலாக இருந்தால் பிடுங்கிவிட்டு மறுபடி வைப்பார். "பளபளன்னு இல்லன்னா ஒட்டலன்னு அர்த்தம்" என்பார்.

ஓர் ஆடி ஞாயிறு. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். என் மைக் செட். பூசாரிக்கு அருள் வந்து வாய் திறக்கப் போகிறார். ஊரே மூச்சடக்கி நிற்கிறது. என் குழாய் ஸ்பீக்கர் பேசியது: "ஹலோ, ஹலோ, திருத்தணி வரதராஜுலு. நான் பேசறது கேக்குதா?"

அவருடைய ரேடியோ அலை என் ஆம்ப்ளிஃபயருக்குள் புகுந்துவிட்டது. அன்று அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? எவனோ சிரித்தான். அவ்வளவுதான். "ஆத்தாள வெச்சி வெளையாடறியாடா?" என்று என்மேல் பாய்ந்தார்கள். ஆம்ப்ளிஃபயரைக் கல்லில் போட்டு உடைத்தார்கள். எனக்கு இரண்டு பல் போயிற்று.

ரத்தத்தைத் துப்பிக்கொண்டே சவுக்குக் கழியோடு அவர் வீட்டுக்கு ஓடினேன். பின்னால் கோயில் கூட்டத்திலிருந்து பத்துப் பேர். ஏரியலை அறுத்தார்கள், மேசையைக் கவிழ்த்தார்கள், வால்வுகளை மிதித்து நொறுக்கினார்கள். நான் டிரான்ஸ்மிட்டரை நோக்கிப் போனேன். அவர் குறுக்கே வலக்கையை நீட்டி, "தொடாதப்பா, உள்ள கரண்ட் இருக்குது, செத்துடுவ!" என்று அலறினார். பெட்டியைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று நினைத்து அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. மறுபடியும் அடித்தேன்.

போலீசிடம், "கம்பத்துலேர்ந்து வுழுந்துட்டேங்க" என்றார். எங்கள் எல்லோருக்கும் அந்தப் பொய் வசதியாகப் போயிற்று. இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. இடக்கையால் டைப் அடித்தார், இடக்கையாலேயே மோர்ஸ் தந்திக் குறி தட்டப் பழகினார். சில மாதம் கழித்து என் கடைக்கே வந்து, என் புது ஆம்ப்ளிஃபயரில் ஒரு சின்னக் கண்டென்சரை இடக்கையால் பற்றவைத்தார். "இனிமே என் கொரலு வராது, ஏகாம்பரம்" என்றார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று வருடங்களை ஓட்டினேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

நேற்று பாடைக்குத் தோள் கொடுக்கப் போனேன். அவர் மனைவி சரோஜம்மா குறுக்கே வந்து நின்றார்.

"இன்னாத்துக்குப் பொய் சொன்னீங்கன்னு அவர அன்னிக்கே கேட்டேன். 'அவனும் அடி வாங்கிகினுதான வந்தான்'னாரு. அவரு மன்னிச்சிட்டாரு. நான் மன்னிக்கல. கைய எடு."

எடுத்தேன். கூட்டத்தின் கடைசியில் நடந்தேன். முன்னால் இரண்டு பேர், அவர் கம்பத்திலிருந்து விழுந்த கதையைப் பேசிக்கொண்டே போனார்கள்.

போய் வாருங்கள், சார். அடித்தது நான்தான். என்னை மன்னித்துவிடுங்கள்.