பாடு நாளில் காஸ்டிங் படிக்க முடியாது

சி.ஏ. இன்டருக்குத் தினமும் பத்து மணி நேரம் படித்தே தீரவேண்டும் என்று யூடியூபில் ஓர் அண்ணன் சொன்னார். நம்பி அட்டவணை போட்டேன்.

எங்கள் ஏரியில் நல்ல இடத்தில் வலை போட வீட்டுக்கு வீடு முறை வரும். அதைத்தான் பாடு என்போம். பாடு நாளில் வீடு முழுக்க இறால். தரம் பிரிக்க, ஐஸ் போட எல்லோரும் வேண்டும். காஸ்டிங் புத்தகத்தைத் தொடவே முடியாது. பாக்கி ஏறி ஏறி, இந்த முறை பரீட்சையே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன்.

இன்று பொன்னேரி பஸ்ஸில் பக்கத்து ஊர் தோணிரேவு தேவியைப் பார்த்தேன். என்னோடு படித்தவள், போன முறை இன்டர் பாஸ்.

"டெய்லி எத்தினி மணி நேரம்டீ படிச்ச?"

"இன்னாத்துக்கு டெய்லி? பாடு அன்னிக்கு புக்கையே தொடமாட்டேன். அந்த நாளெல்லாம் கழிச்சிட்டுதான் பிளானே போட்டேன். அதுக்கோசரம் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சேன், அவ்ளோதான்."

உடனே நைனாவுக்குப் போன் போட்டு, எங்கள் பாடு நாட்களைக் கேட்டு அட்டவணையிலிருந்து அடித்தேன். மிச்ச நாட்களிலேயே எல்லாப் பாடமும் முடிகிறது! அப்பாடா, எழுதப் போகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பத்து மணி நேர அண்ணன் வீட்டில் இறால் பிரிப்பது யார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.