குடும்பிமலையில் பிறைக்குறி

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறினேன். சந்திவரை கூட வந்த என் கணவர், "மழ இருட்டினா கிரான் பாலத்தடியிலயே திரும்பி வந்திரு. வீரம் காட்டாத" என்றார். கரப்பான் பூச்சியைக் கண்டால் கதிரையில் ஏறி நிற்கிறவளிடம் வீரத்தைப் பற்றிச் சொல்ல அவருக்குத்தான் வாய் வரும்.

நான் சரித்திரம் படிப்பிக்கிறவள். வருடம் தவறாமல் பிள்ளைகளை மட்டக்களப்புக் கோட்டைக்குக் கூட்டிப்போவேன். போர்த்துக்கீசர் கட்டியதை ஒல்லாந்தர் பிடித்த கதை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பீரங்கியைத் தொட்டுக் காட்டி, நூதனசாலைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தால் பயணம் முடிந்தது. நானூறு வருடப் பழைய சண்டைக்காக யாரும் அழுவதில்லை.

குடும்பிமலை அப்படியல்ல. இரண்டாயிரத்து ஏழில் அங்கே இராணுவத்துக்கும் புலிகளுக்கும் நடந்த சண்டையைப் பற்றி மலையடியில் ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து போக நினைத்துக்கொண்டிருந்தேன். என் அண்ணன் குணம் அந்தக் காட்டோரத்தில்தான் மாட்டுப்பட்டி வைத்திருந்தார். சண்டை நெருங்கியபோது மாடுகளை விட்டு வர மனமில்லாமல் நின்றவர், பிறகு வரவேயில்லை. இருக்கிறாரா, இல்லையா என்று சொல்லவும் ஆளில்லை. முகாம் முகாமாகவும் அரசாங்கக் கந்தோர் கந்தோராகவும் தேடிக் களைத்தோம். "மாடு வந்தா அவனும் வருவான்" என்று சொல்லிச் சொல்லியே அம்மா போய்ச் சேர்ந்தார். அண்ணன் கடைசியாக நின்ற மண்ணில் ஒருதரம் நிற்கவேண்டும், அவரைக் கண்ட ஒருவரிடம் அவரைப் பற்றிக் கேட்கவேண்டும். அதற்காகத்தான் ஏங்கினேன்.

இதற்கு முன்னும் இரண்டு தரம் திட்டம் போட்டேன். முதல் தரம் கிரான் பாலத்துக்கு மேலால் வெள்ளம். அடுத்த தரம் நல்ல வெயில். எல்லாம் கட்டி வைத்துவிட்டு, இல்லாத காய்ச்சலைச் சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

மட்டக்களப்பில் பஸ் மாறி ஏறாவூரில் இறங்கியபோது ஏழு மணி தாண்டிவிட்டது. நசீர் காக்கா ஓட்டோவோடு நின்றார். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். போய்வர ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் பேசியிருந்தோம்.

"டீச்சர், அங்க பாக்க என்ன இரிக்கி? மலையும் மாடும்தான்" என்றார்.

"அந்த மாட்டத்தான் பாக்கப் போறன் காக்கா" என்றேன், பகிடியாக.

வந்தாறுமூலையில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் பை தோளில் மாட்டி வீதி கடந்தார்கள். அந்தச் சண்டை நடந்தபோது கைக்குழந்தைகளாக இருந்திருப்பார்கள். சித்தாண்டி முருகனுக்கு ஓட்டோவில் இருந்தபடியே ஒரு கும்பிடு. கிரானில் பிரதான வீதியை விட்டு மேற்கே திரும்பி, பாலம் கடந்து, புலிபாய்ந்தகல் தாண்டினோம். இருபுறமும் வட்டை; அறுவடை முடிந்த வயல்வெளி கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. பிறகு செம்மண் பாதை. என் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவும் தனித்தனியே பேசத் தொடங்கியது.

பத்து மணிக்கு முன்னரே மலையடிக்கு வந்துவிட்டோம். தலையில் முடிந்த குடும்பியைப் போலப் பாறை நிமிர்ந்து நிற்கிறது. பெயர் வைத்தவரைக் குறை சொல்ல முடியாது. காட்சிக்கூடத்தில் படங்கள் இருந்தன. சுவரில் ஒரு பெரிய வரைபடம், அதில் எந்தப் படை எந்தப் பக்கத்தால் வந்தது என்று அம்புக்குறிகள். அண்ணனின் பட்டி இருந்திருக்கக்கூடிய இடத்தைத் தேடினேன். அங்கே வெறும் பச்சை நிறம். பிள்ளைகளுக்கு இப்படி எத்தனை வரைபடம் கீறிக் காட்டியிருக்கிறேன்! பச்சைக்குள் யார் இருந்தார்கள் என்று ஒருநாளாவது கேட்டேனா? வெளியே வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில், ஒரு மைல் வந்திருப்போம், மாட்டுக்கூட்டம் பாதையை மறித்தது. நசீர் காக்கா ஹோர்ன் அடித்தார். மாடுகள் அசையவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு சிவத்த நாகு, இளம் பசு, பின்பக்கத்தைத் திருப்பியது. அதன் தொடையில் ஒரு பிறை, அதன் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே "கு".

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மாட்டுக்குறி உண்டு. குடி என்றால் குலம்; அது தாய்வழியாக வருவது. பிறையும் கோடும் என் அம்மாவின் குடிக்குறி, என்னுடையதும் அதுதான். கீழே இருந்தது அண்ணன் பெயரின் முதல் எழுத்து. அந்த நாகுக்கு மூன்று வயதுகூட இராது. யாரோ அண்மையில்தான் குறி சுட்டிருக்க வேண்டும்.

ஓட்டோவிலிருந்து குதித்தேன். பட்டிக்காரர் மரத்தடியில் இருந்து எழுந்து வந்தார். பெயர் சாமித்தம்பி, அறுபது வயதிருக்கும்.

"இந்தக் குறி ஆர் போட்டது?"

"நான்தான் புள்ள. இது குணத்தார்ர மாடு. அவரோட நானும் பட்டியில நிண்டவன். சண்டையில சிதறினதுகள, சண்டை ஓஞ்ச மறுகா வந்து தேடிப் புடிச்சன். அதுகள் போட்ட கண்டு, கண்டுட கண்டு எண்டு இப்ப பதினாலு நிக்குது."

"ஒருத்தரும் வரல்லயே. மறுகா ஏன் அவர்ர குறியப் போட்டீங்க?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "குறி போடாட்டி, வாற மனிசன் தன்ர மாட்ட எப்பிடிக் கண்டுபுடிக்கிற?"

நான் குணத்தாருடைய தங்கச்சி என்றேன். கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது. நான் வாய் திறக்குமுன் அவரே கேட்டார்.

"அண்ணன் சுகமா இருக்காரா? வெளிநாட்டுக்குப் போயிட்டாராக்கும் எண்டு நினைச்சன். அண்டைக்கு விடியப்புறம், 'மாட்டப் பாத்துக்க, அம்மாவ ஒருக்காப் பாத்திட்டு வாறன்' எண்டு இந்தப் பாதையாலதான் சைக்கிள்ல போனவர். எப்ப வருவாராம்?"

கேட்க வந்தவள் நான். இத்தனை வருடமும் அண்ணன் மாடுகளோடு நின்றதாக நினைத்து இந்தக் காட்டையே நோக்கி அழுதிருக்கிறேன். அவரோ வீட்டுக்கு வர வெளிக்கிட்டிருக்கிறார்.

அண்ணன் வீடு வந்து சேரவில்லை என்பதைச் சொல்லாமல் நாகின் நெற்றியைத் தடவினேன். நாகு என் கையை நக்கியது.

"கண்டுகளக் கொண்டு போறீங்களா புள்ள?" என்று சாமித்தம்பியார் கேட்டார்.

"வேணாம். நீங்களே பாருங்க" என்றேன். "இந்த வருசக் கண்டுகளுக்கும் அவர்ர குறியையே போடுங்க."

"ஓம், அதத்தானே போடுவன்" என்றார் அவர்.

ஓட்டோ புறப்பட்டது. காலையில் இதே பாதையில் மலை எப்போது தெரியும் என்று நேரே பார்த்துக்கொண்டு போனவள் நான். இப்போது கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னேன். நசீர் காக்கா வேகத்தைக் குறைத்தார். கிரான் பாலம் வரும்வரை, அண்ணன் சைக்கிளில் போன பாதையின் இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.