வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல்

கருமத்தம்பட்டியில் எங்கள் விசைத்தறிக் கூடத்துக் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தவர் என் மச்சான், சம்சாரத்தின் அண்ணன். பொள்ளாச்சியில் தேங்காய் வியாபாரம். கம்ப்யூட்டர் அவருக்கு ஒரு கிறுக்கு. "அப்பப்ப அப்டேட் மட்டும் போட்டுக்குங்க மாப்ளே, சொன்ன பேச்சு கேக்கும்" என்றார். அந்த 'அப்பப்ப' எப்போது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஒரு நாள் சம்சாரம் தானே பேசி முடித்த முதல் ஆர்டர், பேல் பேலாகக் கட்டி வைத்த பெட்ஷீட் மூட்டைகள், வடக்கே கிளம்ப வேண்டும். சாயங்காலம் லாரி. லேபிள் ஒட்டாத பேலை ஏற்ற மாட்டார்கள். இது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த ஆர்டர் என்று சரக்கு வாங்குகிற வியாபாரி கறாராகச் சொல்லியிருந்தார்.

மத்தியானம் பார்த்தால் திரை மூலையில் அப்டேட் வந்திருக்கிறதென்று சிவப்புப் புள்ளி. அது வந்து நின்று பல நாளாச்சு.

"ஏனுங்க, வந்தவங்கள வாசல்லயே நிறுத்தி வெச்சிருக்கறீங்க" என்று சம்சாரம் சிரித்தாள்.

அதுவும் சரிதான் என்று மச்சான் காட்டிக்கொடுத்த கட்டளையை அடித்தேன். நான் கூப்பிட்டது யாரை, வருவது யாரென்றே தெரியவில்லை. கல்யாணத்துக்கு வேன் வேனாக வந்து இறங்குகிற மாதிரி திரையில் புரோகிராம் பேர்கள் ஓடின. நடுவில் நின்று ஒரு கேள்வி. லேபிள் அடிக்கிற புரோகிராமின் செட்டிங் ஃபைலை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். அந்தப் புரோகிராமைச் செய்தவர் புதிதாக ஒரு ஃபைல் அனுப்பியிருக்கிறார். உங்களுடையதை வைத்துக்கொள்வதா, அவருடையதைப் போடுவதா?

நான் எதை மாற்றினேன்? ஒன்றும் ஞாபகமில்லை. யாரோ ஒரு புண்ணியவான் மெனக்கெட்டு அனுப்பியிருக்கிறார். எங்கள் பக்கம் நீட்டினதை வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்கிற வழக்கமில்லை. இப்போதுதான் காப்பி குடித்தோம் என்றாலும் இன்னொரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். அவருடையதையே போடச் சொன்னேன்.

லேபிள் அடித்தால் வியாபாரியின் பேரில் பாதி ஒரு ஸ்டிக்கரில், மீதி அடுத்ததில்.

"என்னங்க பண்ணிப்போட்டீங்க?" அவள் சிரிப்பு போய்விட்டது.

மச்சானைக் கூப்பிட்டேன். மண்டியில் இருந்தார், பின்னால் ஒரே இரைச்சல்.

"நடுவுல ஏதாச்சும் கேட்டுச்சுங்களா மாப்ளே?"

"கேட்டுச்சுங்க. சரின்னு சொல்லிப்போட்டேன்."

"அட, அதென்ன ஊட்டுக்கு வந்த ஒறம்பரையா, மொகம் கோணுமின்னு பயப்பட? நம்ம ஸ்டிக்கர் அளவு அந்த ஃபைல்லதானுங்க நான் போட்டு வெச்சேன்."

"அப்ப எதுக்குங்க மச்சா, நான் மாத்துனேன்னு சொல்லுச்சு?"

"அதுக்கு நீங்க யாரு, நான் யாருன்னு தெரியுமா?"

"அனுப்புனவருக்கு நம்ம அளவு தெரியாதுங்களா?"

"அவரு எந்தத் தேசத்துல உக்காந்திருக்கறாரோ! அதே ஃபோல்டரப் பாருங்க. பழசு கெடக்கும்."

பார்த்தேன். அதே பேர், வாலில் மட்டும் 'ஓல்டு' என்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. நான் வேண்டாம் என்றதை அது எறியாமல் ஓரமாக வைத்திருக்கிறது. அவர் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல அடித்து, பழசைப் பழைய இடத்தில் வைத்தேன். அடுத்த லேபிள் நேராக வந்தது.

லாரி வாசலில் ஆரன் அடித்தபோது அவள் கடைசி பேலில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்ப அப்டேட் ஆயிருக்குதா, இல்லீங்களா?"

"புரோகிராம் புதுசு, அளவு பழசு." சொல்லிவிட்டு எனக்கே குழம்பியது. "ஆயிருக்குதுன்னும் சொல்லலாம்."

"லாரிக்காரன்ட்ட அப்படிச் சொல்லீராதீங்க" என்று பேலைத் தட்டினாள். "ஏத்தச் சொல்லுங்க."