வேப்பிலையோடு ஆட்டோவில் ஏற்றிய டீச்சர்

கீரப்பாளையம் பேருந்து நிறுத்தச் சுவரில் புதிதாக ஒரு சுவரொட்டி. எழுத்தைக் கண்டால் நின்று வாசிப்பது இப்போது என் பழக்கம். சந்தோஷமாகத்தான் எழுத்துக் கூட்டினேன். ‘கண்ணீர்’ வந்தது, ‘அஞ்சலி’ வந்தது. அடுத்து வந்த பெயர் ஜெசிந்தா. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். தப்பாக வாசித்திருப்பேன் என்று முதலிலிருந்து மறுபடியும் கூட்டினேன்.

எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்திய அவரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் அந்தப் பக்கமே போகாதவன். போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டது. அது தணிந்ததும் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது, நடுநடுவே வெள்ளைத் திட்டுகள். அம்மைதான் என்று என் மனைவி வாசலில் வேப்பிலை செருகினாள். மருந்தை நிறுத்தினாள். நான் வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தேன். கேள்விப்பட்டு டீச்சர் வந்தார்.

“உள்ள வராதீங்க டீச்சரம்மா, ஆத்தா வந்திருக்கா. தலைக்குத் தண்ணி ஊத்தாம வெளிய அனுப்ப மாட்டேன்.”

“ஆத்தாவும் வரட்டும்மா, ஆட்டோவுல எடம் இருக்கு. டெங்குலயும் இப்படித் தடிக்கும். காச்சல் விட்ட பிறகுதான் ஜாஸ்தி பயப்படணும்.”

வாசல் வேப்பிலையில் ஒரு கொத்தை ஒடித்து என் கையில் கொடுத்தார். அதன்பிறகு என் மனைவி தடுக்கவில்லை; அவளும் ஏறிக்கொண்டாள். சிதம்பரம் மருத்துவமனையில் டெங்கு என்றார்கள். பிழைத்தேன்.

வீடு திரும்பியும் உள்ளங்கை அரித்துத் தோல் உரிந்தது. டாக்டர் தந்த ரோஸ் நிற மருந்தைத் தடவிவிட்டு டீச்சர் சொன்னார்: “சொறியாதீங்க ஐயா. அந்தக் கைக்கு வேற வேலை தரேன்.” பென்சிலை நீட்டினார்.

“இந்த வயசுல எதுக்கு டீச்சர்?”

“அரிப்பு போறவரைக்கும் எழுதுங்க. அப்புறம் உங்க இஷ்டம்.”

புதுத்தோல் வந்தபோது என் பெயரை எழுதியிருந்தேன். அரிப்பு போனது. நான் வகுப்பை விடவில்லை.

இந்த மழையில் அவருக்கே காய்ச்சல். தணிந்ததும் வகுப்புக்கு வந்துவிட்டார். முன்கையெல்லாம் சிவப்பு.

“டீச்சர், காச்சல் விட்ட பிறகுதான் பயப்படணும்னு நீங்கதானே சொன்னீங்க.”

“நல்லாத்தான் படிச்சிருக்கீங்க. வகுப்பு முடியட்டும் ஐயா, போறேன்.”

முடித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனார். திரும்பவில்லை.

அடக்கம் அவர் பிறந்த வீடு இருக்கும் கடலூர் செம்மண்டலத்தில். யாரையும் கேட்காமல், பேருந்துப் பலகையை நானே வாசித்து ஏறினேன். அதை யாரிடம் சொல்லிச் சந்தோஷப்பட வேண்டுமோ அவர் பெட்டிக்குள் இருந்தார். என் மனைவி ஒரு கொத்து வேப்பிலையை அவர் கையோரம் வைத்தாள். அவர் வீட்டார் அதை எடுக்கவில்லை.

இப்போது கை அரிப்பதில்லை. ஆனாலும் சாயங்காலமானால் அது பென்சிலைத் தேடுகிறது. அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது இந்தக் கைதான். இதை எழுதியதும் அதுதான்.