நெஞ்சைப் பிடித்த வெள்ளைக்காரர்

மருந்துக்கடையில் வேலை செய்பவருக்கு எல்லார் நோயும் தெரியும், தன்னுடையதைத் தவிர. தமிழ் இலக்கியத்தில் பட்டம் வாங்கிய நான், புலம்பெயர்ந்து வந்த ஸ்பிரிங்வேலில் பதினொரு வருடமாகக் குளிசைப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன். நின்று நின்று கால் வீங்கிய மருந்துக்கடைத் தோழர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

குறைந்த அளவு

பஸ் ஓட்டும் சிவராசாவுக்குக் கொழுப்புக் குளிசை எழுதியிருந்தார்கள். அவரோடு வேலை செய்யும் வெள்ளைக்காரருக்கு அதே குளிசை இரண்டு மடங்காம். எனக்கு ரோஷம் பொங்கியது. மருந்தாளர் ஹானிடம் நியாயம் கேட்கப் போனேன். ஆசியர்களின் ரத்தத்தில் அந்த மருந்து கூடுதலாகத் தங்கும், அதனால் குறைவாகத் தொடங்குவார்கள் என்று அந்த வியட்நாமியப் பெண் பொறுமையாகச் சொன்னாள். நான் அதை மேடைப் பேச்சாக்கி வந்து ஒப்பித்தேன். சிவராசா பெட்டியை வாங்கிக்கொண்டார். "எல்லாத்திலயும் குறைச்சுத் தாறவை, இதுக்கு மட்டும் நல்ல காரணம் வைச்சிருக்கினம், அக்கா."

நல்ல பிள்ளை

அடுத்து அவருக்குப் பிரஷர் குளிசை. ஒரு மாதத்தில் இருமிக்கொண்டு வந்து பாணி மருந்து கேட்டார். அந்தக் குளிசை சிலருக்கு வறட்டு இருமல் தரும். ஆசியர்களுக்குச் சற்று அதிகம். மாற்றித் தர வேறு குளிசை உண்டு.

"டொக்டரிட்டச் சொன்னனீங்களோ?"

போன கிழமைதான் பார்த்தாராம். தனக்கு நல்ல சுகம் என்று டொக்டரிடம் சொன்னாராம். இப்படியும் ஒரு மனிதர் உயிரோடு விளையாடுவாரா என்று நான் கத்தினேன்.

"அந்த டொக்டர் நல்ல பிள்ளை, அக்கா. தான் தந்த மருந்து பிழையெண்டா மனம் நோகுமெல்லே?"

கதிரை

எங்கள் மாரடைப்புத் துண்டறிக்கையில், சிவந்த முகமும் பெரிய வயிறுமாக ஒரு வெள்ளைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வருகிறவர்களுக்கெல்லாம் அவரைக் கொடுத்தேன். நானோ மெலிந்தவள், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவள். ஒருநாள் எனக்குத் தாடை கடுத்தது, வியர்த்தது, நெஞ்சு வலிக்கவில்லை. வாய்வு என்று மூன்று நாள் இஞ்சித் தேநீர் குடித்தேன். என்ன செய்கிறது என்று ஹான் இரண்டு தரம் கேட்டாள். கடையில் சனம், அவளை ஏன் பதறவைப்பது? ஒன்றுமில்லை என்றேன்.

மருந்து வாங்க வந்த சிவராசா என் முகத்தைப் பார்த்தார். பிரஷர் பார்க்கும் கதிரையை இழுத்து என்னை இருத்தினார். அம்புலன்சுக்கு அடிக்கச் சொல்லி ஹானைக் கூப்பிட்டார். மாரடைப்பேதான். என் இருதயக் குழாயில் கம்பிவலை வைத்த மறுநாள் ஆஸ்பத்திரிக்கும் வந்தார், குளிசை மாற்றி, இருமல் இல்லாமல்.

"ஹானும் நல்ல பிள்ளைதானே, அக்கா. மனம் நோகுமெண்டு சொல்லேல்லையோ?"

இப்போதெல்லாம் அந்தத் துண்டறிக்கையைக் கொடுக்கும்போது வெள்ளைக்காரரின் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துத்தான் நீட்டுகிறேன்.